மாற்றிக் கட்டிய பை

வயசுக்கு வந்த நாளிலிருந்து குளிர்காலம் தவறாமல் காய்ந்த கஞ்சாவைத் தட்டிப் பொடி சலித்தவள் மெனானா. மூக்கில் ஒரு துணி கட்டிக்கொள் என்று யார் சொன்னாலும், "மோந்து பார்க்காம எப்படித் தெரியும், எப்ப நிறுத்தணும்னு?" என்பாள். அந்தத் தூசு அத்தனையும் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மூச்சு விட்டால் உள்ளே பூனை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். கீழே டவுனுக்குப் போய்க் காட்டியதில், இனிமேல் பொடி தட்டுகிற அறைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதனால்தான் அந்த வருஷம், மலை உச்சித் தேவதாருக்களில் பனி வெள்ளையாக நிற்கும்போது, காய்ந்த கட்டுகளைக் கோவேறு கழுதைமேல் ஏற்றிக்கொண்டு அவள் மிமூன் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அறுவடையை வேறு யார் கையிலும் அவள் கொடுத்திருக்க மாட்டாள். மிமூன் பிறந்த சமயம் அவன் உம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிப்போனது. மெனானாவின் உம்மா ஒரு பக்கம் தன் மகளுக்கும் மறுபக்கம் இவனுக்குமாகக் கொடுத்து வளர்த்தாள். அவர்களுடைய அசிலான் மலைக்கிராமத்தில் கூடப்பிறந்ததற்கும் ஒரே மடியில் பால் குடித்ததற்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. மெனானா சில மாதம் மூத்தவள். அவ்வளவுதான், அதை வைத்துக்கொண்டு அவனை வாழ்நாள் முழுக்க அதட்டிக்கொண்டிருந்தாள்.

"டேய், எறக்குடா. கழுதை நெஞ்சு என் நெஞ்சைவிட மோசமா இருக்கு" என்றாள்.

"ரெண்டு புருஷனை விரட்டின நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா" என்றான் மிமூன்.

"விரட்டல. ஒருத்தன் தானா போனான். இன்னொருத்தனுக்கு வழி காட்டினேன்."

மிமூனின் மனைவி யமீனா சிரித்துக்கொண்டே கட்டுகளை வாங்கி வைத்தாள். மெனானா உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று சொன்னாள். "மொதல் தட்டு மெல்லமா தட்டுங்க. பேராசைப்படாதீங்க. பொடி பொன்னா இருக்கும்போதே நிறுத்திடணும். பச்சை தட்ட ஆரம்பிச்சா அது ரெண்டாம் பொடி. அதைத் தனியா வைங்க."

"எங்களுக்குத் தெரியாதாக்கா?"

"தெரியும். இருந்தாலும் சொல்லலேன்னா எனக்குத் தூக்கம் வராது."

போகும்போது ஒருமுறை திரும்பி, தன் கட்டுகளைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவளுடைய செடி நாட்டுச் செடி. அவள் வாப்பா காலத்திலிருந்து அதே விதை, அதே கல்லடுக்கு வயல். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் வளரும். வானம் பெய்கிற தண்ணீரே அதற்குப் போதும். பொடி கொஞ்சமாகத்தான் விழும், ஆனால் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் மழை பெய்த தேவதாருக் காடு மாதிரி ஒரு வாசனை எழும். மிமூன் சில வருஷங்களுக்கு முன்பே மற்றவர்களைப் போல வாற்கோதுமை விதைத்த நிலத்தையும் சேர்த்துச் சீமை விதைக்கு மாறிவிட்டான். ஆழ்குழாய் போட்டான், குழாய்த் தண்ணீர் பாய்ச்சினான். செடி ஆள் உயரம் நின்றது. பொடி அண்டா அண்டாவாக விழுந்தது. வாங்குகிறவர்கள்தான் மூக்கைச் சுளித்தார்கள். மலை முழுக்க அதே செடி, அதே வாசனை.

போன இலையுதிர் காலத்தில் வியாழச் சந்தைத் தேநீர்க்கடையில், நாலு பேர் முன்னிலையில், பொடி வாங்குகிற வியாபாரி ஹாஜி ஷுஐப் அவனைப் பார்த்துச் சொல்லியிருந்தார்: "உன் பொடி சோப்புக்கட்டி மாதிரி மணக்குது மிமூன். மெனானா பொடி மாதிரி ஒரே ஒரு பை எனக்குக் காட்டு. அப்பறம் நீயும் நானும் பேசலாம்." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மிமூனும் சிரித்தான். "இந்தக் குளிருக்குக் காட்டறேன் ஹாஜியாரே" என்று சொல்லிவிட்டு வந்தான். அந்தச் சிரிப்பு அவனுக்கு ஜீரணமாகவே இல்லை.

தட்டுகிற அறை வீட்டின் பின்பக்கம், ஆட்டுக்கொட்டிலை ஒட்டி இருந்தது. ஜன்னலில் கம்பளி அடைத்திருக்கும். மெல்லிய வலைத்துணியை அகலமான பேசின் வாயில் பறை மாதிரி இழுத்துக் கட்டி, அதன்மேல் கஞ்சாவைக் குவித்து, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி, எதிரும் புதிருமாக இரண்டு பேர் உட்கார்ந்து குச்சியால் தட்டுவார்கள். தட்டத் தட்டச் செடியின் நுண்ணிய பிசின்பொடி துணி வழியாகக் கீழே இறங்கும். குளிர் நன்றாக இருந்தால்தான் அது சுத்தமாக உதிரும். அன்றைக்கு மூச்சுக்காற்று புகையாகிற குளிர். மிமூனும் யமீனாவும் முதலில் தங்கள் செடியைத் தட்டி முடித்தார்கள். பிறகு பேசினைத் துடைத்து, துணியை உதறி, மெனானாவின் கட்டைப் பிரித்தார்கள். கொஞ்ச நேரம்தான் தட்டினார்கள். துணியைத் தூக்கிப் பார்த்தார்கள். பேசினின் அடியில் ஈரமில்லாத கடற்கரை மணல் மாதிரி, வெளிர் பொன்னிறத்தில் பொடி படிந்திருந்தது.

"இதுதான்யா பொடி" என்றாள் யமீனா. பிறகு ரொட்டியைப் பார்க்க அடுப்படிக்குப் போனாள்.

அவள் திரும்பி வந்தபோது இரண்டு பைகளும் கட்டப்பட்டுச் சுவரோரம் இருந்தன. மெனானாவின் பைக்குச் சிவப்புக் கம்பளி நூல், இவர்களுடையதற்கு வெறும் சணல். யமீனா குனிந்து சணல் கட்டிய பையின் வாயை மோந்தாள்.

"பை மாறிப்போச்சு பாரு" என்றாள்.

"மாறல" என்றான் மிமூன்.

யமீனா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் குச்சியில் ஒட்டியிருந்த பிசினை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அவ உம்மாகிட்ட பால் குடிச்சவன் நீ."

"ஒரே ஒரு தடவை. ஹாஜிக்குக் காட்டறதுக்கு மட்டும். அவ பையை அவர் பிரிச்சுக்கூடப் பார்க்க மாட்டாரு. அவ பேருக்கே வாங்கிடுவாரு. அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. எனக்கு மானம் மிஞ்சும்."

"இந்த மானத்தை வச்சு என்ன பண்ணப் போறே?"

"நீ பேசாம இரு."

யமீனா பேசாமல் இருந்தாள். அது பிறகு அவளையும் தின்றது. ஆனால் அந்த நேரத்தில் ரொட்டி தீய்கிற வாசனை வர, அவள் மறுபடியும் அடுப்படிக்கு ஓடினாள். மிமூன் சிவப்பு நூலை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினான்.

ஹாஜி வந்த அன்று மிமூன் வீட்டு விருந்தறையில்தான் எல்லோரும் கூடினார்கள். அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் மூன்று நான்கு பேர், மெனானா, ஹாஜி. புதினாவோடு கசப்பான மாசிப்பத்திரிக் கிளை ஒன்றையும் போட்ட தேநீர். ஹாஜி மிமூனின் பையைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகத்தருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். தீக்குச்சி கிழித்து ஒரு பொட்டுக்குக் காட்ட, அது குமிழ் குமிழாகப் பொங்கி உருகியது.

"அட, சொன்ன மாதிரியே காட்டிட்டியே. நான்தான் உன்னைத் தப்பா எடை போட்டுட்டேன்" என்றார்.

மெனானா சந்தோஷப்பட்டாள். "என் தம்பிடா அவன். கை யாரோட கை" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள்.

அவளுடைய பையை ஹாஜி தூக்கி ஓரமாக வைத்தார். "உன் பொடியை எதுக்குப் பார்க்கணும் மெனானா. உன் வாப்பா காலத்துலேருந்து வாங்கறேன்."

மிமூனுக்கு உயிர் வந்தது. அவன் நினைத்தபடியே நடந்தது. கதவருகே நின்றுகொண்டு தேநீரை வாயில் வைத்தான்.

"பாருங்க ஹாஜியாரே. பார்த்துட்டே வாங்குங்க. பார்க்காம வாங்கறவங்க பின்னால பேசுவாங்க" என்றாள் மெனானா.

அவளே முடிச்சை அவிழ்த்தாள். ஹாஜி சிரித்துக்கொண்டே ஒரு சிட்டிகை எடுத்தார். தேய்த்தார். சிரிப்பு நின்றது. மறுபடி மோந்தார். தீக்குச்சி கிழித்தார். பொடி பொங்கவில்லை. ஓரமாகக் கறுத்துச் சுருங்கிப் புகைந்தது.

"இது என்ன மெனானா?"

"என்ன என்ன?"

"எதைக் கலந்தே?"

அறையில் யாரோ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. மெனானா பைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். முகத்தில் வைத்து இழுத்தாள். தூசு ஏறி இருமல் வந்தது. இருமி முடிகிறவரை எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் கண்ணில் தண்ணீர். அது இருமலாலா என்று யாருக்கும் தெரியவில்லை.

"நான் கலக்கல. என் வாப்பா கபுரு மேல சத்தியம்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "காத்து கலந்திருக்கு. சுத்தி எல்லாப் பக்கமும் சீமைச் செடி போட்டிருக்கீங்க. அதோட மகரந்தம் என் வயல்ல வந்து விழாம எங்க போகும்? போன வருஷமே விழுந்திருக்கும். என் விதை கெட்டுப்போச்சு."

"பழி போடக் காத்துதான் கெடச்சுதா" என்றார் ஒரு பெரியவர். ஒருவர் மட்டும் சிரித்தார்.

மெனானா திரும்பி மிமூனைப் பார்த்தாள். சந்தேகத்தோடு பார்க்கவில்லை. தன் பக்கம் பேச ஒரு ஆள் வேண்டும் என்கிற பார்வை. மிமூன் கிளாஸைப் பார்த்தான். அடியில் புதினா இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

ஹாஜி அவள் பையை வாங்கவில்லை. திட்டவும் இல்லை. "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த மரியாதைதான் மோசம். சாயங்காலத்துக்குள் ஊற்றடிக்குத் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள்வரை சேதி போய்விட்டது, மெனானா பொடியில் கலப்படம் என்று.

மறுநாள் சொல்லிவிடுவது என்று மிமூன் முடிவு செய்தான். மறுநாள் பனி கொட்டியது. அடுத்த நாள் அவள் ஜுரமாகப் படுத்திருந்தாள். அடுத்த வாரம் சந்தை. சொல்லாமல் இருப்பதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கையில் கிடைத்தது. கடைசியில் காரணம் தேடுவதையும் விட்டுவிட்டான். ஹாஜி அவனுக்குச் சந்தையில் தன் பக்கத்தில் இடம் போட்டார். முன்பு சிரித்தவர்கள் அவனிடம் யோசனை கேட்டார்கள். தேநீரை அவன் ஆறவிட்டான்.

வசந்தம் வந்து பனி உருகி, பாதாம் மரங்கள் பூத்தபோது, மெனானா ஒரு காலித் தகர டப்பாவோடு வந்தாள்.

"உன் விதையிலேருந்து ஒரு டப்பா குடுடா" என்றாள்.

மிமூனுக்குப் புரியவில்லை. "எந்த விதை?"

"சீமை விதைதான். வேற எதைக் கேப்பேன்?"

"உன் விதை என்ன ஆச்சு?"

"கோழிக்குப் போட்டுட்டேன்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். "கெட்டுப்போனதைப் பானையில வச்சுக்கிட்டு தினம் மூஞ்சியைப் பார்க்கறதா? அதுங்களாவது தின்னு கொழுக்கட்டும். பானையைக் கழுவிக் கவுத்துட்டேன்."

அடுப்படி வாசலில் நின்ற யமீனா தலைத்துணி முனையை வாயில் அழுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மிமூன் நின்ற இடத்திலேயே நின்றான். இப்போது சொன்னால் என்ன பயன்? விதை போய்விட்டது. நேற்று சொல்லியிருந்தால் இருந்திருக்கும். போன வாரம் சொல்லியிருந்தாலும்.

"அக்கா, வேணாம். இந்தச் செடி தண்ணியைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். உன் வயல்ல தண்ணி இல்ல."

"நீ குடுக்க மாட்டியா?"

"குடுப்பேன்."

"அப்பறம் என்ன?"

அவன் உள்ளே போய் மூட்டையைப் பிரித்து டப்பாவை நிறைத்தான். டப்பா நிரம்பி வழிந்து விதை தரையில் சிதறியது. மெனானா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். "காசு குடுத்து வாங்கின விதை, இப்படியா கொட்டுவே?" என்று அதட்டினாள்.

கோடையில் தன் குழாயைப் பாறை வழியாக அவள் வயல்வரை நீட்டினான். முதலில் அவளுக்குப் பாய்ச்சிவிட்டுத்தான் தன் வயலுக்குத் திருப்பினான். தன் செடிகள் வாடுவதைப் பார்த்துக்கொண்டு அவளுடையதற்குத் தண்ணீர் விட்டான். வெண்ணெய், மாவு, ஒரு ஆட்டுத்தொடை என்று ஏதாவது ஒன்று அவள் வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஊரார், பால் குடித்த பாசம் என்றார்கள். யமீனா எதுவும் சொல்லவில்லை. அவனோடு பேசுவதையே குறைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் மழை குறைவு. மலையில் ஆளாளுக்கு ஆழ்குழாய். கோடையின் நடுவில் ஒரு நாள் மிமூனின் மோட்டார் உறுமிவிட்டுச் சேற்றைக் கக்கியது. பிறகு காற்றைக் கக்கியது. நாட்டுச் செடியாக இருந்திருந்தால் அந்த வெயிலைச் சட்டை செய்திருக்காது. மெனானாவின் வயலில் சீமைச் செடி பாதி உயரத்திலேயே மஞ்சளடித்துத் தலை சாய்ந்தது. அவள் கீழ் ஓடையிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் தூக்க ஆரம்பித்தாள். வேண்டாம் என்று அவன் எவ்வளவோ சொன்னான். கேட்கவில்லை. ஒரு முற்பகல், ஏற்றத்தில் மூச்சு முட்டி, கேனோடு பாதையில் விழுந்தாள். ஆடு மேய்த்தவர்கள் பார்த்துக் கழுதைமேல் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

மிமூன் காய்ந்த அவரைக் கூழை ஆலிவ் எண்ணெய் ஊற்றி எடுத்துக்கொண்டு போனான். அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு இன்னும் கறுத்திருந்தது.

"என்னடா, சாகப்போறவளுக்குச் செய்யற மாதிரி செய்யறே" என்றாள்.

மிமூன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். வேறு எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அக்கா, உன் விதை கெட்டுப்போகல."

அவள் கிண்ணத்திலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள்.

"பையை நான்தான் மாத்தினேன். அன்னைக்கு ஹாஜி கொண்டாடினாரே, அது உன் பொடி. உன் பையில இருந்தது என்னுது. சந்தையில சொன்ன சொல்லைக் காப்பாத்திக்கணும்னு செஞ்சேன். அவர் உன் பையைப் பார்க்க மாட்டாருன்னு நெனச்சேன்."

வெளியே கோழி ஒன்று குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. மெனானாவின் மூச்சு மட்டும் அறையில் இழுத்து இழுத்து விட்டது.

"ஹாஜி என்னைக் கேட்டப்ப நீ எங்க நின்னே?" என்றாள் கடைசியில்.

"கதவுகிட்ட."

"கையில என்ன வச்சிருந்தே?"

"தேத்தண்ணி."

"குடிச்சியா?"

"குடிச்சேன்."

அவள் தலையை ஆட்டினாள். அதை மட்டும்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது போல.

"பொடி போனா போகுது. அது ஒரு வருஷத்துப் பொடி" என்றாள். "பானையில கையை விட்டு நானே அள்ளி அள்ளிப் போட்டேன். அன்னைக்கு என் வாப்பாகிட்ட மன்னிப்பு வேற கேட்டேன், உங்க விதையைக் காப்பாத்தத் தெரியாத பொண்ணாப் போயிட்டேன்னு."

"அக்கா…"

"கிண்ணத்தை எடுத்துக்கிட்டுப் போ."

அவன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை சந்தைக்குப் போய், அதே தேநீர்க்கடையில், நடந்ததை முழுசாகச் சொன்னான். உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னான். ஹாஜி நடுவில் குறுக்கிடவில்லை. முடித்ததும் தாடியைத் தடவிக்கொண்டு, "அன்னைக்கே என் மூக்கு சொல்லிச்சு, இது மெனானா வயல் வாசனைன்னு. உன் வீட்ல உக்காந்து தேத்தண்ணி குடிச்சுக்கிட்டிருந்ததால என் மூக்கையே நம்பல" என்றார். "அவகிட்ட நான் வந்து மன்னிப்புக் கேட்டுக்கறேன். உன் பொடி எனக்கு வேணாம். உன் கைபட்ட எதையும் இனிமே ரெண்டு தடவை மோந்து பார்க்கணும். எனக்கு வயசாயிடுச்சு, அவ்வளவு மூச்சு இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அந்தக் குளிர்காலம் சலிக்கக் கொடுக்க யாரும் அவனிடம் கட்டு கொண்டுவரவில்லை.

அதற்கு முன்பே, இலையுதிர் காலம் முழுக்க அவன் நாட்டு விதை தேடி அலைந்தான். அசிலானில் ஒருத்தரிடமும் இல்லை. கணவாய்க்கு அப்பால், பஸ் போகாத ஒரு கிராமத்தில், சீமை விதையைக் கண்டாலே காறித் துப்புகிற ஒரு மனிதரிடம் கிடைத்தது. அவர் எதற்கு என்று கேட்டார். மிமூன் அங்கேயும் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு அவர் விதையை ஒரு துணியில் முடிந்து, மிமூன் கையில் கொடுக்காமல் கல்லின்மேல் வைத்தார். எடுத்துக்கொண்டு வந்தான்.

யமீனாதான் அதை மெனானாவிடம் கொண்டுபோனாள்.

"என்ன சொன்னா?" என்று வாசலிலேயே கேட்டான் மிமூன்.

"மோந்து பார்த்தா. இது எங்க வாப்பா விதை இல்லன்னு சொன்னா."

"திருப்பிக் குடுத்துட்டாளா?"

"இல்ல. பானையை நிமித்திப் போட்டு வச்சா."

அடுத்த வசந்தத்தில் அவள் விதைத்தாள். வானம் பெய்த தண்ணீரிலேயே செடி வந்தது. முழங்கால் உயரத்தில், அடர்ந்து, கறும்பச்சையாக. மிமூன் தன் வயலிலிருந்து தூரமாகத்தான் பார்த்தான். தன்னுடைய மேல்வயலில் பாதியில் சீமைச் செடியைப் பிடுங்கிவிட்டு மறுபடி வாற்கோதுமை போட்டிருந்தான். அவள் வயலுக்கு நேர்மேலே இருக்கிற வயல் அது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

குளிர் இறங்கியதும் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு தட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒரு காலையில் மெனானாவின் வீட்டுப் பக்கத்திலிருந்தும் கேட்டது. ஒற்றைக் குச்சி. கொஞ்சம் தட்டும், நிற்கும். நிற்கிற இடத்தில் இருமல் கேட்கும். இருமல் நீளும். பிறகு மறுபடி தட்டும்.

தன் அறையில் யமீனாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்த மிமூன் குச்சியைத் தூக்கியபடி அப்படியே இருந்தான். தன் கட்டுகளை அவள் இனி எவர் கையிலும் கொடுக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். டாக்டர் சொன்னதும் தெரியும். காதைப் பொத்திக்கொண்டாலும் அந்த இருமல் நிற்கிற இடம்வரை எண்ணத் தோன்றியது.

யமீனா தன் குச்சிகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முகத்தைச் சுற்றித் துணியைக் கட்டினாள்.

"எங்க போறே?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்காதே. அன்னைக்கு என் வாயும் மூடித்தானே இருந்துச்சு."

"நானும் வர்றேன்."

"நீ வராதே."

அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கச் சத்தம் மாறியது. இருமல் வெளி முற்றத்துக்கு வந்தது, பிறகு குறைந்தது. உள்ளே குச்சிகள் நிதானமாக, ஒரே சீராக விழுந்தன. சலிப்பு முடிகிறவரை யமீனா தினமும் போனாள். மாலையில் புருவமெல்லாம் பொடியோடு வருவாள், கைகழுவி ரொட்டி தட்டுவாள், அங்கே நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். மிமூன் தன் செடியைத் தனியாகத் தட்டினான். ஒரு ஆள் தட்டினால் துணி ஒரு பக்கமாகத் தொய்ந்து, பொடி சரியாக இறங்காது. இருந்தாலும் தட்டினான்.

ஹாஜி நேராக மெனானாவின் வீட்டுக்கே வந்து பொடியை வாங்கிப் போனார். பழைய பொடி அளவுக்கு இல்லை, ஆனால் நல்ல பொடி என்று சொன்னாராம்.

அதற்குச் சில நாள் கழித்து மிமூன் ஊற்றடிப் பாதையில் வந்துகொண்டிருந்தான். எதிரே மெனானா கழுதைமேல் வந்தாள். பாதை குறுகல். ஒதுங்கவும் முடியாது, பார்க்காத மாதிரி போகவும் முடியாது. அன்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போ என்று சொன்னதற்குப் பிறகு அவள் அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நெஞ்சு எப்படி இருக்குக்கா?" என்றான்.

மெனானா கழுதையை நிறுத்தினாள். முகத்தில் கோபம் இல்லை. டவுனிலிருந்து வந்த யாரோ வழி கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"பரவாயில்லைங்க. உங்க வீட்டம்மா வந்து ஒத்தாசை பண்ணினாங்க. நல்லா இருக்கணும் அவங்க."

மிமூன் பாறையோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்று, கழுதைக்கு வழி விட்டான்.